தொண்ணூறு நாள் பத்தியம்

வெள்ளிக்கிழமை காலை. அடுப்பில் ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. அடுக்களைச் சுவரில் தொங்கிய குதிரைக் காலண்டருக்கு முன்னால் நின்று, லெட்சுமி ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்த எண்ணிக்கை ஏற ஏற, கரண்டி பிடித்திருந்த மோகனா ரவையைக் கிளற மறந்தாள்.

பெரிய பெரிய கட்டங்களும், பந்தய நாட்களில் குட்டிக் குதிரைப் படமும் போட்ட அந்தக் காலண்டர் மலேசியாவில் பாதி வீடுகளில் தொங்கும். பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருந்த இந்த வீட்டில் அதற்குக் கூடுதலாக இன்னொரு வேலையும் உண்டு. மோகனா வீட்டுக்குத் தூரமாகும் நாட்களில் கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளியைப் பார்த்தால் அன்றைக்குச் சாமி விளக்கை லெட்சுமி ஏற்றிவிடுவாள். வாய் திறக்காமல், வீட்டு ஆம்பளைக்குத் தெரியாமல், நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இருபத்திரண்டு வருஷமாக நடத்தி வந்த ஏற்பாடு அது.

"ஒம்போது... பத்து... பதினொண்ணு!" லெட்சுமி விரலை எடுத்துவிட்டுத் திரும்பினாள். "என்னாடி மோகனா இது? ஒரே மாசத்துல பதினோரு புள்ளியா? அதுவும் தள்ளித் தள்ளி! எந்த ஊர்லடி இப்படி வரும்?"

"அக்கா... மெதுவா பேசுங்க. அவரு இருக்காரு."

ராமதாஸ் தொழிற்சாலை வேனை ஓட்டி முதல் நடையை முடித்துவிட்டு வந்து, மேசையில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தார். கோப்பியைத் தவிர வேறெதையும் தான் கவனிக்கவில்லை என்று காட்டிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

"இருக்கட்டும்! ஞாயித்துக்கெழம அப்பாவுக்குப் படையல். மருமக கையாலதான் ஆக்கிப் படைக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? இன்னிக்கும் ஒரு புள்ளி வச்சிருக்கே. ஆக்கிப் போட ஒடம்பு வளையலன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ. புள்ளி வச்சு ஏமாத்தாத!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா..."

"அப்ப பத்தியத்த முறிச்சிருக்கே! எழுவது நாளா கசாயம் ஊத்திக் கொடுக்கிறேன். கேக்கமாட்டேங்குதுன்னா வேற என்னா அர்த்தம்? போன வாரம் கீழ் வீட்டு ரொஸ்னாகூட ஆயர் ஈத்தாம் போனியே, புளி ஊத்துன மீன் லக்சா தின்னியா இல்லியா?"

"அவதான் சாப்பிட்டா. நான் தண்ணி குடிச்சிட்டு ஒக்காந்திருந்தேன்."

"பினாங்குல பொறந்து வளந்தவ, லக்சா கடையில ஒக்காந்து பச்சத் தண்ணி குடிச்சாளாம்! யார்கிட்ட லா சொல்றே இந்தக் கதைய?"

மோகனா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணால் கணவனைத் தேடினாள். ராமதாஸ் கோப்பியின் அடியைப் பார்த்தபடி சொன்னார்: "காலங்காத்தால என்னா லா... அக்கா சொல்றத கேட்டுக்க மோகனா."

அவர்களுடைய தாம்பத்தியத்தில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபோது அவருக்கு ஒன்பது வயது, லெட்சுமிக்குப் பதினேழு. அன்றிலிருந்து தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, அப்பாவுக்கும் கடைசிவரை கஞ்சி ஊற்றி, தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி இல்லாமலே ஐம்பத்தேழு வயதாகிவிட்டது அவளுக்கு. இந்த வீட்டில் லெட்சுமிதான் மாமியார், லெட்சுமிதான் மாமனார். கோபம் வந்தால் பட்டாசு மாதிரி வெடிப்பாள். அடுத்த நாழிகையே சூடாகத் தோசை சுட்டுப் போடுவாள். மோகனா அவளை அக்கா என்று கூப்பிட்டது வாய் வார்த்தைக்காக அல்ல.

மூன்று மாதத்துக்கு முன்னால், துணி காயப்போடும்போது, வெள்ளைபடுகிறது என்று மோகனா கூச்சத்தோடு சொன்னாள். கேட்ட மாத்திரத்தில் லெட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் லிட்டில் இந்தியாவில் இருக்கிற ஆயுர்வேத வைத்தியரிடம் போய், ஒரு பெரிய போத்தல் கஷாயத்தோடு வந்தாள். "அவரு ஆம்பள. நீ வர வேணாம். ஒன் வெசயத்தயெல்லாம் நானே சொல்லிட்டேன். காலையில ஒரு வேள, சாயங்காலம் ஒரு வேள. புளி ஆவாது, பச்ச மொளகா ஆவாது, கருவாடு ஆவாது, கோப்பி ஆவாது. கிளினிக் ஆஸ்பத்திரின்னு ஒருத்தி பேச்சும் கேக்காத. கத்தி வச்சுத்தான் அனுப்புவானுங்க!"

அன்றிலிருந்து மோகனா புளி இல்லாத குழம்பைத் தனக்கென்று தனியாக வைத்துச் சாப்பிட்டாள். ஆனால் லெட்சுமியிடம் அவள் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். வெள்ளைபடுவதோடு நிற்கவில்லை. கணவனோடு சேர்ந்த மறுநாள் ரத்தம் பட்டது. பிறகு எந்தக் காரணமும் இல்லாமல் இடையிடையே திட்டுத் திட்டாகப் பட்டது. இதை எப்படி நாத்தனாரிடம் சொல்வது? அதனால்தான் புள்ளிகள் பெருகின. மகள் ஷர்மினி கெடாவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கணவனின் குறட்டையைச் சாக்குச் சொல்லி, மோகனா மகளின் காலி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். ராமதாஸ் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அவர் முகம் சுருங்கிப்போனது அவளுக்குத் தெரிந்தது.

புற்றாக இருக்குமோ! அந்த ஒரு சொல்தான் சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கூடவே வந்தது. அது அதுதானா, இல்லையா? தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வீட்டில் பெரியவளை மீற வேண்டும். மீறாமல் இருந்தால் ஒருநாள் எல்லாம் கை மீறிப் போகலாம். அன்று காலை, கருகிப்போன ரவையைக் கொட்டும்போது, அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பத்தியத்தை முறித்தேனா இல்லையா என்று வைத்தியரே சொல்லட்டும். அவரிடமே போய்க் கேட்டுவிடுவது.

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வைத்தியசாலை மாடியில் இருந்தது. எண்ணெயும் மூலிகையும் கலந்த வாசனை படியிலேயே வந்தது. வைத்தியர் கேரளாவில் படித்தவர், அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஜெலுத்தோங் லெட்சுமி அக்காவோட தம்பி சம்சாரம் ஐயா நான். எழுவது நாளா உங்க கசாயந்தான் குடிக்கிறேன். பத்தியம் தவறல. ஆனா கேக்க மாட்டேங்குது."

வைத்தியர் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பக்கத்தைக் கண்டுபிடித்ததும் அவர் புருவம் ஏறியது. "உங்களுக்கா? நான் உங்களுக்கு மருந்தே கொடுக்கலியேம்மா."

"அக்கா வந்து என் வெசயத்த..."

"இங்க பாருங்க. லெட்சுமி, வயசு அம்பத்தேழு. வெள்ளைபடுதல். தனக்குன்னுதான் சொன்னாங்க. நாடி புடிச்சுப் பார்த்தேன். சொன்ன நோய்க்கும் அந்த நாடிக்கும் சம்பந்தமே இல்ல. நாடியில பயந்தான் இருந்துச்சு." அவர் பக்கத்தைத் தட்டினார். "அந்த வயசுல வெள்ளைபட்டா சும்மா விடக்கூடாது, மொதல்ல கிளினிக்ல டெஸ்ட் எடுங்கன்னு ரெண்டு தடவ கடுதாசி எழுதிக் கொடுத்தேன். எடுத்தேன், ஒண்ணுமில்லன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்க. நானும் லேசான கஷாயமாத்தான் கொடுத்தேன்."

மோகனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயம் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. வீட்டுப் பெண்ணின் அந்தரங்கத்தை ஓர் ஆம்பளையிடம் சொல்ல லெட்சுமிக்கு வாய் வரவில்லை. அதனால் நோயைத் தன்னுடையதாகச் சொல்லி, தன் கையை நீட்டி, தன் நாடிக்கு மருந்து வாங்கி வந்திருக்கிறாள்! அந்த மருந்தைத்தான் இவள் எழுபது நாளாகக் குடித்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மோகனா அழுதாள். அழுதுகொண்டே, யாரிடமும் சொல்லாததையெல்லாம், ரத்தம் பட்டது உட்பட, அந்த அந்நிய மனிதரிடம் சொல்லிவிட்டாள்.

வைத்தியர் குறுக்கிடாமல் கேட்டார். என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள், வேறு என்ன மாத்திரை போடுகிறாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஷர்மினி பிறந்ததிலிருந்து கர்ப்பத்தடை மாத்திரை போடுவதாக அவள் சொன்னதும் தலையாட்டினார்.

"இதுக்கு எங்க வைத்தியத்துல வழி இருக்கும்மா. அசோகப்பட்டை, வெள்ளிலோத்திரப்பட்டை போட்ட கஷாயம், திரிபலாத் தண்ணியில கழுவுறது, எண்ணெயில தோய்ச்ச பஞ்சு வைக்கிறது... ஒடம்ப மொத்தமாப் பாத்து மெதுவாத் தேத்துவோம். ஆனா உள்ள இருக்கிறது என்னன்னு தெரியணும் இல்லியா? கண்ணால பாக்குற கருவியும், எடுத்துப் பாக்குற டெஸ்ட்டும் அவங்ககிட்டதான் இருக்கு. ரத்தம் படுதுன்னு தெரிஞ்ச பெறகு நான் மருந்து கொடுத்தா, அது வைத்தியம் இல்ல, பாவம். போய்ப் பாத்துட்டு வாங்க. அந்தக் கஷாயத்தையும் நிறுத்திடுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மோகனாவுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. காலையில் ஏமாற்றுக்காரி பட்டம் கட்டியது யார்? உண்மையில் ஏமாற்றியது யார்? வீட்டுக்குப் போனதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்த லெட்சுமி, "எங்கடி போனே இவ்வளவு நேரம்? மொகமெல்லாம் வாடிக்கெடக்கு, மோரு வச்சிருக்கேன் குடி," என்றாள். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் படையலுக்கு சுங்கை பாக்காப்பிலிருந்து சித்தி குடும்பம் வந்திருந்தது. மோகனா கூடத்து மூலையில் வெற்றிலையைத் துடைக்கக்கூட முடியாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். வியர்த்து வடிய அடுக்களையிலிருந்து வந்த லெட்சுமி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மருமக இருந்தும் இந்த வயசுல நான்தான் வேகுறேன் சித்தி. மருந்து வாங்கிக் கொடுத்தா பத்தியம் காக்கத் துப்பில்ல. நாக்க அடக்க முடியல. மாமனாருக்கு ஒரு பிடி சோறு ஆக்கிப் போட மனசில்ல!"

"இந்தக் காலத்துப் பொம்பளைங்க..." என்று சித்தி இழுத்தாள்.

எல்லாப் பார்வையும் மோகனா மேல் விழுந்தது. ஒரு வார்த்தை போதும். அந்தக் கஷாயம் யார் பேரில் வாங்கியது என்று அவள் கேட்டால் போதும், கூடம் அடங்கிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ராமதாஸ், அக்காவின் கையிலிருந்த கனமான அண்டாவைப் பதறிப்போய் வாங்கினார். வாங்கும்போது அக்காவை அவர் பார்த்த பார்வை, ஒன்பது வயதில் எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படியே இருந்தது. ஊர் முன்னால் அதை உடைக்க மோகனாவுக்கு மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ரத்தம் நின்ற இரண்டாம் நாள், ரொஸ்னாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் நூருல் ஹுதா பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண், சின்ன வயதுதான். திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சோதனையை முடித்தார். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. "பாக்க பயப்படுற மாதிரி எனக்குத் தெரியலக்கா. ஆனா டெஸ்ட் ரிசல்ட் வராம நான் வாய விடக்கூடாது. மூணு வாரம் ஆவும்," என்றார்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. லெட்சுமி ஊற்றித் தரும் கஷாயத்தை வாங்கிக்கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் கொட்டினாள். பத்தியத்தை மட்டும் விடவில்லை. குழம்பில் புளி சேர்த்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவாளே, மனசு கஷ்டப்படுமே என்று பழையபடியே சாப்பிட்டாள். இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று கேட்கலாம். நம் வீடுகளில் எண்ணிப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை கஷாயம் தீர்ந்தது. முட்டிவலியால் லெட்சுமிக்குப் படி ஏற முடியவில்லை. தம்பியிடம் காலிப் போத்தலைக் கொடுத்தனுப்பினாள்.

மத்தியானம் ராமதாஸ் திரும்பி வந்தார். காலிப் போத்தல் காலியாகவே இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"அக்கா. இந்த மருந்து யாருக்கு வாங்குனது?"

லெட்சுமி காய் நறுக்குவதை நிறுத்தினாள். "யாருக்குன்னா... ஒம் பொண்டாட்டிக்குத்தான்."

"உங்க பேர்லதான் எழுதியிருக்குன்னு வைத்தியரு சொல்றாரு. உங்க நாடியப் பாத்து உங்களுக்குக் கொடுத்ததாம். இனிமே ஒரு சொட்டும் தரமாட்டாராம். 'ரத்தம் படுதுன்னு சொன்னாங்களே ஒங்க சம்சாரம், டெஸ்டுக்குப் போனாங்களா, ரிசல்ட் வந்துருச்சா'ன்னு எங்கிட்ட கேக்குறாரு. நான் மண்ணு மாதிரி நின்னேங்க்கா!" அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஒனக்கு மூணு வாரமா தெரியுமாமே? படையல் அன்னிக்கு அத்தன பேரு முன்னால அவ்வளவு பேச்சு கேட்டியே... ஏன் வாயத் தொறக்கல?"

"உங்களுக்கு அவங்க அம்மா ஸ்தானம்ங்க. நான் எப்படிங்க..."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! ரத்தம் படுதுன்னு ஒரு வார்த்த... நீ அந்த ரூமுக்குப் போனதும் என்னப் புடிக்காமப் போயிருச்சுன்னு நெனச்சேன் மோகனா. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு." நாற்பத்தொன்பது வயது மனிதர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

லெட்சுமி எழுந்து வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் மோகனா நினைத்தாள். ஆனால் அவள் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா காய்ச்சல்ல சாவலடா தாசு."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒனக்கு அப்ப ஒம்போது வயசு. ஒங்கிட்ட என்னாத்த சொல்றது? மொதல்ல வெள்ளைபட்டுச்சு. அப்புறம் ரத்தம். கருப்ப வாயில புத்துன்னாங்க. தோட்டத்து லோரியில ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரொம்ப லேட்டு பண்ணிட்டீங்கன்னாங்க. உள்ள போன ஆளு... வெளிய வரல." அவள் மோகனாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அன்னிக்கு வெள்ளைபடுதுன்னு சொன்னே பாரு, எனக்குக் கையி காலெல்லாம் வெடவெடத்துப் போச்சுடி. அங்க போனா நீயும் திரும்பி வரமாட்டேன்னு மண்டையில ஏறிப்போச்சு. ஒன்ன அனுப்பக் கூடாது, எப்படியாவது இங்கயே சரி பண்ணிடணும்னு... அந்த ஆம்பளைகிட்ட ஒன் வெசயத்த எப்படிச் சொல்றது? எனக்குன்னு சொன்னேன். பொய்தான். பெரிய பொய்தான்!"

"அப்ப ஏங்க்கா என்ன அப்படித் திட்டுனீங்க?"

"புள்ளி ஏற ஏற எனக்கு உசுரு போச்சுடி! நீ லக்சா தின்னுருக்கணும்னு நான் முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். நீ திருட்டுத்தனமா புளியத் தின்னதாலதான் சரியாவலன்னா, அப்ப அது அந்த நோவு இல்லன்னு ஆயிடும் இல்ல? நீ பத்தியத்த முறிச்சவளாவே இருந்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன்... சொல்லுடி மோகனா. நெசமாச் சொல்லு. ஒரு நாளாச்சும் முறிச்சியா?"

மோகனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்லி அவளைத் தேற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த வீட்டில் பொய் போதும் என்றும் தோன்றியது.

"இல்லக்கா. தொண்ணூறு நாளு ஆச்சு. ஒரு நாளும் இல்ல."

லெட்சுமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மோகனா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"செவ்வாக்கெழம ரிசல்ட்டுக்கா. நீங்க எங்கூட வரணும்."

"நான் மாட்டேன்! அந்த வாசல மிதிக்க என்னால முடியாது."

"நீங்க வந்தாத்தான் நான் போவேன். வீட்டுல பெரியவங்க இல்லாம நான் மட்டும் எப்படிக் கேட்டுக்கிறது?"

செவ்வாய்க்கிழமை ராமதாஸே இருவரையும் வேனில் கூட்டிப்போனார். லெட்சுமி நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, கைப்பைக்குள் ஒரு திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். கிளினிக் வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. மோகனா கூடவே நின்றாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து லெட்சுமி தானாகவே படியேறினாள்.

டாக்டர் நூருல் ஹுதா தாளைப் பார்த்துவிட்டு, முதலில் சிரித்தார். பிறகுதான் பேசினார். "புத்துநோய் இல்லக்கா. டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு."

ராமதாஸ் பெருமூச்சு விட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. லெட்சுமி மட்டும் நம்பவில்லை. "அப்ப ரத்தம் ஏம்மா வந்துச்சு? ஒளிக்காம சொல்லிடுங்க."

டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். "இது கருப்பை வாய்ம்மா. உள்பக்கத்துல இருக்கிற மெல்லிசான தோலு கொஞ்சம் வெளிப்பக்கம் வந்து செவந்து தெரியுது. புண்ணு மாதிரி இருக்கும், ஆனா புண்ணு இல்ல. தொட்டா கசியும், அதான் ரத்தம். வெள்ளைபடுறதும் இதனாலதான். கர்ப்பத்தட மாத்திர போடுறவங்களுக்கு இது வரும். ஆபத்து இல்ல."

"கசாயத்துக்கு இது கேக்குமா டாக்டர்?" மோகனா கேட்டாள்.

"கேக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாதுக்கா. நிறைய பேருக்கு எதுவுமே செய்யாம தானா அடங்கிடும்; அப்ப கசாயம் குடிச்சவங்க கசாயத்தாலன்னு சொல்லுவாங்க. குடிக்கிறதா இருந்தா என்ன மருந்துன்னு எனக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடிங்க. உள்ள எண்ணெய், பஞ்சு எதுவும் வைக்காதீங்க. ஆனா டெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்புன வைத்தியரு நல்ல வைத்தியரு." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப ரெண்டு வழி இருக்கு. அப்படியே விட்டுட்டு, மாத்திரைய நிறுத்திட்டு பாக்கலாம். இல்ல, ரத்தம் தொந்தரவா இருக்குன்னா, அந்த எடத்த உறைய வச்சு சரி பண்ண ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். கத்தி கெடையாது, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா கொஞ்ச நாளைக்குத் தண்ணி மாதிரி போவும். என்ன செய்யலாம்?"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மோகனா லெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். ராமதாசும் அக்காவைப் பார்த்தார். அவர்கள் பார்ப்பதைப் பார்த்து டாக்டரும் லெட்சுமியைப் பார்த்தார்.

லெட்சுமியின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எதுக்கு எல்லாரும் பாக்குறீங்க? அவ ஒடம்பும்மா. அவகிட்ட கேளுங்க. நான் சொன்னதெல்லாம் போதும்."

எந்த வழி என்று தன்னிடம் யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்று என்று மோகனாவுக்கே நினைவில்லை. அவசரப்படாமல் யோசித்தாள். "மாத்திரைய நிறுத்திட்டு ஆறு மாசம் பாக்குறேன் டாக்டர். அப்பவும் நிக்கலன்னா உறைய வச்சிடலாம்."

"மாத்திரைக்குப் பதிலா வேற ஏற்பாடு வேணுமே," என்றார் டாக்டர்.

"அத... அத நான் பாத்துக்கிறேன் டாக்டர்," என்றார் ராமதாஸ், காது வரை சிவந்துபோய். அறையில் இருந்த மூன்று பெண்களும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே நடைகூடத்தில் நீள நாற்காலிகளில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராமதாஸ் வேன் எடுக்கப் போனார். லெட்சுமி நடந்தவள் நடுவிலேயே நின்றாள்.

"அம்மாவும் இப்படி வந்திருந்தா வீட்டுக்குத் திரும்பியிருப்பா இல்ல மோகனா? சீக்கிரமா வந்திருந்தா?"

மோகனா திரும்பி அவள் அருகில் வந்தாள்.

"ஆறு மாசம்டி. ஆறு மாசமா அம்மாவோட துணிய அலசுனது நான்தான். எனக்குத் தெரியும். அப்பாகிட்ட சொல்லாதன்னு எங்கைய புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. நானும் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. தாசுகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

நாற்பது வருஷமாக இந்த மனுஷி எதைச் சுமந்துகொண்டு தோசை சுட்டாள், எதைச் சுமந்துகொண்டு சண்டை போட்டாள் என்று மோகனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"உங்களுக்கு அப்ப பதினேழு வயசுக்கா," என்றாள். "சின்னப் பொண்ணுக்கா நீங்க."

இதை லெட்சுமியிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. யாருக்காவது தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு. அவள் நரைத்த தலையை மோகனாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில், வாய்விட்டு அழுதாள். வாசலில் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. மோகனா அசையவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றாள்.